பாரசீகம் ஏன் விழுந்தது? திருகோணமலையிலிருந்து ஒரு பார்வை

ஈரான் பற்றிய தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த என் மருமகன் திடீரெனக் கேட்டான்: "மாமா, பாரசீகம் எண்டு புத்தகத்தில வாறது இந்த ஈரான்தானே? அவ்வளவு பெரிய அரசு எப்பிடி விழுந்தது?"

மறுநாள் மாலை அவனைக் கோணேசர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அங்கே போக பிரட்றிக் கோட்டை வாசலைக் கடந்தாக வேண்டும். பேரரசுகளைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எது?

பாரசீகம் என்பது ஒரே பேரரசு அல்ல. முதலாவது, அக்கிமெனிட் பேரரசு. கி.மு. 550 அளவில் சைரஸ் அதற்கு அடித்தளமிட்டார். கி.மு. 539இல் பாபிலோன் அவர் வசமானது. பின்வந்த முதலாம் டேரியஸ் காலத்தில் சிந்து நதியிலிருந்து ஐரோப்பாவின் விளிம்பு வரை அது பரந்திருந்தது. மாகாணங்களுக்கு ஆளுநர்கள், நிர்ணயிக்கப்பட்ட திறை, சார்டிஸிலிருந்து சூசா வரை சுமார் 2,500 கிலோமீற்றர் நீளமான அரச பாதை. வென்ற நாட்டவரின் மொழியையும் தெய்வத்தையும் பெரும்பாலும் அவரவரிடமே விட்டுவைத்தார்கள். அந்த அரசு இரண்டு நூற்றாண்டு நிலைத்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

பிறகு அரண்மனைக் கொலைகளும் ஆளுநர்களின் கலகங்களும் வந்தன. கி.மு. 331இல் கௌகமேலாவில் அலெக்சாந்தர் வென்றார். தோற்றோடிய மூன்றாம் டேரியஸைக் கொன்றது அலெக்சாந்தர் அல்ல, அவருடைய சொந்த ஆளுநர் பெசஸின் கூட்டம்.

அடுத்தது பார்த்தியர் அரசு. அதை வீழ்த்தி கி.பி. 224இல் எழுந்தது சாசானியப் பேரரசு. இங்கேதான் நமது தீவு கதைக்குள் வருகிறது.

சாசானியர் காலத்துப் பாரசீக வணிகர்கள் இந்து சமுத்திரத்தில் பலம் பெற்றிருந்தார்கள். மாந்தையிலும் அனுராதபுரத்திலும் கிடைத்த நீலப்பச்சை மெருகிட்ட மட்பாண்டத் துண்டுகள் பாரசீக வளைகுடா வணிகத்தின் சாட்சிகள். ஆறாம் நூற்றாண்டில் எழுதிய அலெக்சாந்திரியா வணிகர் கொஸ்மாஸ், இத்தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் திருச்சபை ஒன்று இருந்ததாகக் குறிப்பிடுகிறார். 1912இல் அனுராதபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையைப் பலர் அவர்களுடன் தொடர்புபடுத்துகின்றனர்.

கொஸ்மாஸ் ஒரு சம்பவமும் சொல்கிறார். இலங்கை மன்னன் முன்னே ஒரு ரோம வணிகரும் ஒரு பாரசீகரும் நிற்கிறார்கள். உங்கள் இருவரில் யாருடைய அரசன் பெரியவன் என்று மன்னன் கேட்கிறான். எங்கள் அரசனே என்கிறார் பாரசீகர். ரோமரோ, இரு அரசர்களின் நாணயங்களையும் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்கிறார். ஒன்று பொன், மற்றது வெள்ளி. மன்னன் ரோமர் பக்கம் சாய்ந்தான்.

கதையைச் சொன்னவர் ரோமப் பேரரசின் குடிமகன் என்பதை மறக்கக்கூடாது. அதே நூற்றாண்டின் ரோம வரலாற்றாசிரியர் புரொகோப்பியஸ் எழுதியது வேறு: பட்டு ஏற்றிய கப்பல்கள் வந்து சேரும் துறைகளில் பாரசீகர் முந்திக்கொண்டு முழுச் சரக்கையும் வாங்கிவிடுகிறார்கள் என்பதே அவரது குறை. பொன் நாணயம் ரோமிடம், சந்தை பாரசீகரிடம்.

இந்தப் போட்டி இருவரையும் தின்றது. 602 முதல் 628 வரை இரு பேரரசுகளும் மோதின. பாரசீகம் 614இல் எருசலேமையும் பின்னர் எகிப்தையும் பிடித்தது. பிறகு அனைத்தையும் இழந்தது. 628இல் இரண்டாம் குஸ்ரூ மன்னரைச் சொந்த மகனே கவிழ்த்தான், அவர் கொல்லப்பட்டார். கொள்ளைநோய் பரவியது. நான்கு ஆண்டுகளில் அரசர்கள் அடுத்தடுத்து மாறினார்கள். களைத்துப்போன அந்த நாட்டின் மீதுதான் அரபுப் படைகள் வந்தன. 651இல் கடைசி மன்னர் மூன்றாம் யஸ்தகிர்த் தப்பியோடிய இடத்தில் கொல்லப்பட்டார். ரோமும் சிரியாவையும் எகிப்தையும் அரபுகளிடம் இழந்தது.

அரசு போனது, மொழி போகவில்லை. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட சீனத் தளபதி செங் ஹேயின் கல்வெட்டில் மூன்று மொழிகள் உள்ளன: சீனம், தமிழ், பாரசீகம். சாசானியர் அழிந்து ஏழரை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் கடல் வணிகத்துக்குப் பாரசீகம் தேவைப்பட்டது. நம் கடைக்காரர் கையிலுள்ள 'தராசு' என்ற சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்ததுதான்.

கோட்டைச் சுவரைக் காட்டி மருமகனிடம் மீதியைச் சொன்னேன். போர்த்துக்கேயர் 1620களில் கோயிலை இடித்து இங்கே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1782இல் ஒரே வருடத்தில் ஆங்கிலேயர் பிடிக்க, பிரெஞ்சுக்காரர் பறித்தார்கள். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறியது.

இன்று சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியன புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. பழைய பாரசீக வளைகுடாக் கரையிலிருந்து மீண்டும் ஒரு பங்காளி.

முதலீட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இத்துறைமுகத்தின் மீனவரும் தொழிலாளரும் என்ன பெறுவார்கள் என்பதை இப்போதே கேட்க வேண்டும். அன்று அந்த மன்னன் கேட்டது, உங்களில் யார் பெரியவர் என்று. பெரியவர்கள் இருவரும் அதன்பின் அதிக காலம் பெரியவர்களாக இருக்கவில்லை. நாம் கேட்க வேண்டியது, எங்களுக்கு இதில் என்ன பங்கு என்பதைத்தான்.