யாத்திரையின் நிறைவு நாள்

பெங்களூரின் தொம்மலூரிலும் அதனை அடுத்த இந்திரா நகரிலும் வாழும் நடுத்தரக் குடும்பங்கள், கோடை விடுமுறை வந்ததும் தாத்தா பாட்டி முதல் பள்ளிச் சிறுவர் வரை ஒரே கூட்டமாகச் சேர்ந்து இத்தாலி தேசத்துக்குப் பிரயாணம் போய் வருவது இப்போது அபூர்வமான செய்தியன்று. ரோமாபுரியையும் பிளாரன்சையும் வெனிசையும் பார்த்து முடித்த அந்தக் கூட்டத்துக்குக் கடைசி நாள் மட்டும் அநேகமாக வீணாகிவிடுகிறது. பெட்டியைக் கொக்கித் தராசில் மாட்டி நிறுப்பதும், எடை மிஞ்சினால் பாட்டியின் கம்பளியை எடுத்துப் பேரனின் பைக்குள் திணிப்பதும், விடுபட்ட உறவினர்களுக்குப் பரிசுப் பொருள் தேடிக் கடைகடையாக ஏறி இறங்குவதுமாகப் பொழுது கழிந்துவிடுகிறது. நம் முன்னோர் யாத்திரையை இவ்விதம் முடிக்கவில்லை. காசிக்குப் போனவர்கள் கங்கா தீர்த்தத்தைச் சுமந்து வந்து இராமேசுவரத்தில் அபிஷேகம் செய்த பின்னரே யாத்திரை பூர்த்தியாயிற்று என்று கருதினார்கள். புறப்பட்ட நாளைவிட நிறைவு நாளுக்கே அவர்கள் அதிக மதிப்பு அளித்தார்கள். அயல்நாட்டுச் சுற்றுலாவிலும் இறுதி நாளை, அவ்வூர் ஜனங்கள் தங்கள் துன்பத்தை இறக்கி வைக்கும் இடத்துக்குக் கொடுப்பதே சிறப்பு என்பது என் கருத்து. அதற்கு மிகவும் பொருத்தமான நகரம் சிசிலித் தீவின் தலைநகரமாகிய பலெர்மோ.

பலெர்மோவின் வடபால், கடலோரத்தில், 606 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது மோந்தே பெல்லெக்ரீனோ என்னும் மலை. 1787-இல் அங்கு வந்த ஜெர்மானிய மகாகவி கதே, உலகில் தாம் அறிந்த கடல்முனைகளுள் அதுவே பேரழகு வாய்ந்தது என்று வியந்து எழுதினார். ஆயினும் அம்மலையை நோக்கிப் பலெர்மோ மக்களை இழுப்பது அதன் அழகன்று. அதன் குகையில் குடிகொண்டிருக்கும் சாந்தா ரொசாலியா என்னும் புனிதவதியே.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் நார்மானியப் பிரபு வம்சத்தில் பிறந்த ரொசாலியா, அரண்மனை வாழ்வைத் துறந்து இம்மலைக் குகையில் தனித்துத் தவமிருந்து உயிர் நீத்தாள் என்பது ஐதிகம். 1624-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு கப்பலோடு பிளேக் என்னும் கொள்ளை நோய் பலெர்மோவில் நுழைந்து, வீட்டுக்கு வீடு பிணம் விழச் செய்தபோது, அதே ஆண்டு ஜூலை மாதத்தில் குகையில் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அவை ரொசாலியாவின் திருவெலும்புகளே என்று திருச்சபை ஏற்றது. 1625 ஜூன் மாதத்தில் அவற்றை நகர வீதிகளில் ஊர்வலமாக எடுத்துச் சென்ற பின் நோய் தணிந்தது என்று மக்கள் நம்பினார்கள். அன்று முதல் அவளே நகரத்தின் காவல் தாய். ஜூலை 14-ஆம் நாள் இரவில் பெருந்தேர் போன்ற ஊர்தியில் அவள் திருவுருவம் உலா வருகிறது. செப்டம்பர் 4-ஆம் நாளையொட்டி ஜனங்கள் பழைய கல்பாவிய பாதை வழியே மலையேறுகிறார்கள். அவர்களுள் சிலர் நேர்த்திக்கடனுக்காக வெறுங்காலோடு ஏறுவார்கள்.

பெங்களூர்வாசிகளுக்கு இந்தச் சரித்திரம் அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. 1898-இல் இதே நோய் பெங்களூரையும் பற்றிக்கொண்டது. நெருக்கமான பழைய பேட்டைகளை விட்டு ஜனங்கள் ஓடினார்கள். காற்றோட்டமான அகன்ற வீதிகளோடு மல்லேசுவரமும் பசவனகுடியும் எழுந்ததற்கு அந்தத் துயரமே ஒரு முக்கிய காரணம். அந்நாளில் கன்னடியரும் தமிழரும் ஒருசேர அம்மனை வேண்டிக்கொண்டதன் அடையாளமாக, நோயின் பெயரையே தாங்கிய பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இந்நகரில் இருக்கின்றன. வைத்தியம் கைவிட்ட வேளையில் ஒரு தாயின் சந்நிதியைத் தேடி ஓடும் மனம் சமுத்திரத்துக்கு அப்பாலும் இப்பாலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

இதனினும் பெரிய விசேஷம் ஒன்று உண்டு. அம்மலைக்கு இன்று ஏறுவோரில் தமிழரும் இருக்கிறார்கள். 1983-இல் இலங்கையில் இனப்போர் மூண்ட பின் வீடிழந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல பலெர்மோவில் தஞ்சம் புகுந்து, பெரும்பாலும் வீட்டு வேலை செய்தும் முதியோரைப் பராமரித்தும் மெல்ல மெல்லக் காலூன்றின. அவர்களுள் கத்தோலிக்கரோடு சைவர்களும் ரொசாலியாவைத் தங்களைக் காக்கும் தாயாக ஏற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகுட்டிகளோடு மலையேறிப் பிரார்த்திக்கிறார்கள். ஐரோப்பியப் புனிதவதியின் முன்னே பட்டுச்சேலை உடுத்திய ஈழத்துப் பெண்மணி கைகூப்பி நிற்பது, மதத்தின் வேலிகளைத் துன்பமும் நன்றியும் எவ்வளவு இயல்பாகக் கடந்துவிடுகின்றன என்பதைப் பிரசங்கம் ஏதுமின்றி உணர்த்தும்.

குகைக் கோயில் பெரியதன்று. மலைப்பாறையோடு ஒட்டிக் கட்டிய எளிய முகப்பைக் கடந்ததும், மேலே வானம் தெரியும் ஒரு சிறு முற்றம். அதற்கு அப்பால் இருள் கவிந்த பாறைக் குடைவு. பாறையிலிருந்து ஓயாமல் கசியும் நீர் வழிபடுவோர் தலையில் சொட்டாதபடி, உலோகத் தகட்டால் ஆன மெல்லிய கால்வாய்களைக் கூரை நெடுகிலும் கோணல்மாணலாகப் பொருத்தியிருக்கிறார்கள். அந்நீரை மக்கள் தீர்த்தமாகவே கருதுகிறார்கள். ஒரு பக்கத்தில், கண்ணாடிப் பேழைக்குள், பளிங்கு முகமும் பொன் அங்கியுமாக ஒரு கையின்மேல் தலைசாய்த்துச் சயனித்திருக்கிறாள் ரொசாலியா. நோய் தீர்ந்தவர்கள் செலுத்திய வெள்ளிக் காணிக்கைகள் அங்கே ஏராளம். சமயபுரத்தில் கண்மலரும் கை கால் உருவமும் வாங்கிச் செலுத்திய நம் பாட்டிமார்களுக்கு அவற்றின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மலையிலிருந்து இறங்கிய பின் நேரம் இருந்தால் சீசா என்னும் நார்மானிய மாளிகைக்குப் போகலாம். அங்குள்ள அருங்காட்சியகத்தில், அரசன் இரண்டாம் ரோஜரின் குருமார்களுள் ஒருவர் தம் தாயின் நினைவாக 1149-இல் அமைத்த கல்லறைக் கல்வெட்டு இருக்கிறது. லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு என நான்கு வடிவங்களில் ஒரே துக்கம் ஒரே கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. தொம்மலூரின் சொக்கநாதசுவாமி கோயிலில், ஹொய்சள வீர ராமநாதன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள், ஊரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று குறித்து, தான தர்மங்களைப் பதிவு செய்திருக்கின்றன. கன்னட நாட்டில் நிற்கும் கோயிலில் தமிழ் எழுத்தைத் தினமும் கடந்து நடக்கிறவர்களுக்கு, பல மொழிகள் கூடி வாழ்ந்த பலெர்மோவின் புராதனம் எளிதில் புரியும்.

பசித்த வயிற்றுக்குப் பல்லரோ சந்தை இருக்கிறது. அதைச் சூழ்ந்த பழைய தெருக்களில் பல தேசத்தார் குடியேறிக் கடை நடத்துகிறார்கள். சைவ உணவினர்க்கு ஏற்றது பனெல்லே: கொண்டைக்கடலை மாவை நீரில் கிளறிக் களியாக்கி, ஆறவிட்டு வில்லைகளாக நறுக்கி, எண்ணெயில் பொரித்து, ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள், எலுமிச்சைச் சாறு பிழிந்து உண்டால் நம் பஜ்ஜிக்கு உறவு என்றே தோன்றும். அரஞ்சீனா என்னும் பொரித்த சாத உருண்டையில் மட்டும் இறைச்சி இருப்பது வழக்கமாதலால் கேட்டுத் தெரிந்து வாங்க வேண்டும்.

பலெர்மோவிலிருந்து பெங்களூருக்கு நேரடி விமானம் கிடையாது. ரோம், மிலான் போன்ற நகரங்களில் மாற வேண்டியிருப்பதால், பெட்டிகளை முந்தைய இரவே கட்டி விடுதியில் ஒப்படைத்துவிட்டுக் காலையில் மலைக்குப் புறப்படுவது உத்தமம். கால் வலியுள்ள பெரியவர்களுக்குச் சந்நிதி வரை வாகனச் சாலை உண்டு. இளையோர் பழைய பாதையில் நடந்து ஏறலாம். தோளும் முழங்காலும் மறையும் உடை போதும். பூசை நடக்கும் வேளையில் புகைப்படக் கருவியைப் பைக்குள் வைப்பது மரியாதை.

மாளிகைகளும் சித்திரங்களும் ஒரு நாட்டின் பெருமையைக் காட்டும். அந்நாட்டார் எதற்கு அழுதார்கள், யாரிடம் அழுதார்கள் என்பதை இத்தகைய ஸ்தலங்களே காட்டும். குழந்தைகள் கோபுரங்களின் உயரத்தை மறந்துவிடுவார்கள். தம் பாட்டி தெரியாத தேசத்தில் தெரியாத தெய்வத்தின் முன் தயங்காமல் கைகூப்பியதை மறக்க மாட்டார்கள். பிறர் துயரத்தையும் நம்பிக்கையையும் தன்னுடையனவாக எண்ணப் பழகுவதே பிரயாணத்தின் பலன் என்றால், அந்தப் பாடத்தைப் படிக்க ஒரு முழு நாளை ஒதுக்குவது பெரிய செலவாகாது.