நோயாளியைக் கேட்டீர்களா?

நோயுற்றோரைச் சந்திக்க இல்லங்களுக்குச் செல்லும்போதெல்லாம் நான் கண்டுவரும் காட்சி ஒன்று உண்டு. கட்டிலில் படுத்திருக்கும் மூதாட்டியை நோக்கி, "எப்படி இருக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்பேன். அவர் வாய் திறப்பதற்குள் மகன் முந்திக்கொள்வார். "இரத்த அழுத்தம் குறைந்துவிட்டது, சாமி. சர்க்கரையும் இறங்கிவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறார்கள்." தாயோ ஒன்றும் பேசாது மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மகன் சொல்வது பொய்யன்று. ஆயினும் அது முழு உண்மையாகுமா? ஒரு சிகிச்சை பயன் தந்ததா என்பதை எதனால் அளப்பது? ஆய்வுக்கூடம் தரும் எண்ணாலா, அவ்வுடலோடு அன்றாடம் வாழ்பவரின் சொல்லாலா?

எண்ணை மட்டும் நம்பியதால் நேர்ந்த தீங்கு ஒன்றை மருத்துவ உலகம் மறக்கவில்லை. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர் சிலருக்கு இதயத் துடிப்பு இடையிடையே தாளம் தவறும். அத்தகையோர் திடீரென இறக்கும் அபாயம் மிகுதி. எனவே தாளத்தைச் சீராக்கினால் உயிரைக் காக்கலாம் என மருத்துவர்கள் கருதினர். என்கைனைடு, ஃப்ளெக்கைனைடு என்னும் மருந்துகள் தாளத்தைச் சீராக்கவும் செய்தன. ஆனால் அமெரிக்க அரசின் ஆதரவில் இவற்றைச் சத்தில்லாப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, 1989-ஆம் ஆண்டில் இவற்றைக் கொடுப்பதையே நிறுத்த நேர்ந்தது. மருந்து உண்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தனர். போலி மாத்திரை உண்ட 743 பேரில் இறந்தோர் 26 பேரே. இதய வரைபடம் நலம் என்று காட்டியது, நோயாளியோ மாண்டார்.

நோயாளிக்கு வேண்டுவன இரண்டு: ஆயுள் நீளவேண்டும், அந்த ஆயுள் வாழத்தக்கதாக இருக்கவேண்டும். முதலாவதை நாள்காட்டி சொல்லிவிடும். இரண்டாவதை நோயாளியைக் கேளாமல் எவரும் அறிய இயலாது.

கேட்பதற்கும் முறை உண்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் இடுப்பு மூட்டு நோயாளருக்கென 12 வினாக்கள் கொண்ட தாள் ஒன்றை வகுத்து 1996-இல் வெளியிட்டனர். இரவில் படுத்தால் வலிக்கிறதா? படியேற முடிகிறதா? தாமே குளித்துத் துவட்டிக்கொள்ள முடிகிறதா? காலுறை அணிய முடிகிறதா? இத்தகைய எளிய வினாக்களே அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 48. 2009 ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை, இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சை பெறுவோரிடம் அறுவைக்கு முன்பும், ஆறு மாதங்களுக்குப் பின்பும் இவ்வாறு கேட்டறிய ஏற்பாடு செய்தது. புதிய மூட்டு செவ்வனே பொருந்தியிருப்பதை எக்ஸ்ரே படம் காட்டும். அம்மூட்டோடு அவர் கடைக்கு நடந்து செல்கிறாரா என்பதை இத்தாளே காட்டும்.

"நோயாளி சொல்வது வெறும் உணர்வுதானே! அதைக் கேட்பதால் நோய் தீருமா?" என்று சிலர் வினவலாம். அதற்கு நியூயார்க் நகரப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றிலிருந்து விடை கிடைத்தது. நோய் முற்றிய நிலையில் மருந்துச் சிகிச்சை பெற்ற 766 பேர் அவ்வாய்வில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் வலி, குமட்டல், மூச்சுத் திணறல், களைப்பு முதலிய 12 துன்பங்களைக் கணினி வழியே அவ்வப்போது தெரிவித்தனர். துன்பம் மிகுந்தால் செவிலியருக்கு உடனே செய்தி சென்றது. மற்றப் பிரிவினர் வழக்கமான கவனிப்பைப் பெற்றனர். 2017-இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. வழக்கமான பிரிவில் நடுநிலை ஆயுள் 26 மாதங்கள், கேட்கப்பட்டவர்களுக்கோ 31.2 மாதங்கள். இந்த ஐந்து மாதங்களைத் தந்தது புதிய மருந்தன்று. காலத்தே கேட்ட கேள்வியும், அதற்குச் செவிசாய்த்த கவனிப்புமே!

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. அளவுகோல் மனிதனுக்கு விலை குறிக்கும் கோலாகிவிடலாகாது. முழு நலத்தோடு வாழும் ஓராண்டுக்கு 1, மரணத்துக்கு 0, இடைப்பட்ட நிலைகளுக்குப் பின்னம் என மதிப்பிட்டு, அத்தகைய ஓராண்டை ஈட்ட எவ்வளவு செலவாகும் என்று கணக்கிடும் முறை ஒன்று உண்டு. பொதுப்பணத்தைப் பங்கிட இங்கிலாந்து இதைக் கையாளுகிறது. பணம் அளவுடையதாதலால் ஏதோவொரு கணக்கு வேண்டியதே. ஆயினும் உடற்குறையோடு வாழ்பவரின் ஓராண்டு இக்கணக்கில் பின்னமாகிவிடுமே! இவ்வச்சத்தாலேயே அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், நோயாளியை மையமாகக் கொண்ட ஆய்வுகளுக்கெனத் தான் நிறுவிய நிறுவனம் இக்கணக்கை எல்லைக்கோடாகக் கொள்வதைத் தடைசெய்தது. நோயாளியைக் கேட்பது சிகிச்சையை எடைபோடவே. நோயாளியை எடைபோட அன்று.

திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1957 நவம்பரில் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையையும் இங்கு நினைவுகூர்வது தகும். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளவே கடமை உண்டு என்றும், எது சாதாரணமானது என்பது ஆள், இடம், காலம் ஆகிய சூழ்நிலைகளைப் பொறுத்தது என்றும் அவர் கற்பித்தார். ஒருவருக்கு எது தாங்கவொண்ணாச் சுமை என்பதை அவரையன்றி யார் சொல்ல வல்லார்?

அன்பார்ந்த குடும்பத்தினரே, எண்களை இகழுமாறு நான் கூறவில்லை. இரத்த அழுத்தம் வலியேதுமின்றியே உடலைக் கெடுக்கும். நன்றாக இருக்கிறோம் என்று எண்ணி மருந்தை நாமாக நிறுத்துவது பேதைமை. ஆனால் அடுத்த முறை மருத்துவரிடம் செல்லுமுன், உங்கள் வீட்டு நோயாளியிடம் மூன்றைக் கேளுங்கள். உங்களை மிகவும் வாட்டுவது எது? செய்ய விரும்பியும் செய்யமுடியாதிருப்பது எது? இம்மருந்தால் புதிதாய் வந்த தொல்லை ஏதும் உண்டா? விடைகளைத் தாளில் எழுதி, பரிசோதனை அறிக்கையோடு சேர்த்து மருத்துவரிடம் கொடுங்கள்.

மேற்கூரையைப் பார்த்துக் கிடக்கும் அந்தத் தாய்க்கும் சொல்ல ஏதோ இருக்கிறது. விரைந்து விடைசொல்லும் மகன் சற்றுப் பொறுத்திருந்தால் போதும், அவரே சொல்வார்.