தண்டோடு வாங்கும் சம்பங்கி

நம் ஊரில் மாலைக்கென உதிரியாக நிறுத்து வாங்கிய சம்பங்கியே தில்லிக் கடைத்தெருவில் ‘ரஜனிகந்தா’ என்னும் பெயருடன் நீண்ட தண்டாக நிற்கிறது. முழுதும் மலர்ந்த தண்டைக் கண்டு மயங்குதல் வேண்டா. இது அடியிலிருந்து நுனி நோக்கி மலர்வது. ஆகவே அடியில் இரண்டு மூன்று பூக்கள் மட்டும் விரிந்ததே பல நாள் நிற்கும்.

சாடி நிறைய நீர் இருந்தும் மலர் வாடுவானேன்? தண்டின் நுண்குழாய்களைக் காற்றுக் குமிழும், நீரில் பெருகும் நுண்ணுயிர்களும் அடைத்துவிடுகின்றன. இதனை அறியாது, பழைய நீரின் மேலேயே புதுநீர் வார்த்து நாமும் நெடுநாள் ஏமாந்தோம். நாள்தோறும் சாடியைத் தேய்த்துக் கழுவி நீரை முற்றும் மாற்றுதல் வேண்டும். தண்டின் அடியை நீருக்குள் வைத்தபடியே ஒரு விரற்கடை சாய்வாக நறுக்குதல் வேண்டும். வாடிய அடிப்பூக்களைக் கிள்ளிவிடலாம். கோடையில் மின்விசிறியின் நேர்க்காற்று ஆகாது. மணம் மிகுவது இரவில். சாடி கூடத்திலா, படுக்கையறையிலா என்பது அவரவர் விருப்பம்.