டிஸ்சார்ஜ் அன்றே கேஸ் ஷீட் நகலைக் கேளுங்கள்

"குழந்தை பிறந்து அழவே இல்லைங்க. மூளைக்கு ஆக்சிஜன் போகலைன்னு சொல்லிட்டாங்க." இப்படி வருகிறவர்களிடம், வலி நேரத்தில் குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிந்த தாள் எங்கே என்று கேட்டால் விழிக்கிறார்கள். கையில் இருப்பது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். சிலர் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைத்து போலீஸ் கேஸ்கூட வாங்கியிருப்பார்கள். கேஸ் ஷீட் வாங்கியிருக்க மாட்டார்கள்.

வயிற்றிலிருக்கும் குழந்தையின் ஆக்சிஜனை வழக்கமாக நேரடியாக அளப்பதில்லை. துடிப்பை வைத்துத்தான் கணிக்கிறார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு. சிக்கலற்ற பிரசவத்தில், நல்ல வலி பிடித்த பிறகு 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு எழுத வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடமாவது, வலியின்போது தொடங்கி அது அடங்கிய பிறகும் கேட்க வேண்டும். நல்ல நர்ஸ் அப்போது தாயின் மணிக்கட்டையும் பிடித்துப் பார்ப்பார். தாயின் நாடியைக் குழந்தையின் துடிப்பென்று எழுதிவிடக் கூடாதல்லவா?

வலி வர டிரிப்ஸ் ஏற்றினாலோ, பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாக வந்தாலோ குழந்தையின் துடிப்பைத் தாளில் பதியும் சி.டி.ஜி. பெல்ட் கட்டித் தொடர்ந்து பார்ப்பார்கள். தொந்தரவாக இருக்கிறதென்று நீங்களாகக் கழற்றாதீர்கள். தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு அனுமதி உண்டு. அவர் சும்மா நிற்காமல், "சிஸ்டர், பாப்பா ஹார்ட்பீட் எவ்வளவு? எழுதிட்டீங்களா?" என்று கேட்கட்டும்.

துடிப்பு குறைந்ததெல்லாம் அலட்சியத்தால் அல்ல. எது அலட்சியம் என்பதைத் தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆகவே டிஸ்சார்ஜ் அன்றே மனு எழுதுங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் கண்காணிப்பாளருக்கு, தனியார் என்றால் நிர்வாகத்துக்கு. முழு கேஸ் ஷீட், பிரசவ முன்னேற்றத்தைப் பதியும் பார்ட்டோகிராஃப், சி.டி.ஜி. தாள், மருந்துப் பதிவு, பிறந்தவுடன் குழந்தையின் நிலையைக் காட்டும் ஆப்கார் மதிப்பெண், பச்சிளங்குழந்தைப் பிரிவின் கேஸ் ஷீட் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

"அதெல்லாம் தர மாட்டோம்" என்பார்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும். அரசு ஆஸ்பத்திரி இழுத்தடித்தால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள்.

சி.டி.ஜி. தாள் பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் காகிதம். வெயில் பட்டால் வெளுக்கும், லேமினேட் செய்தால் கறுத்தே போகும். உடனே ஜெராக்ஸ் எடுங்கள்.

மருத்துவர்மீதான புகாருக்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. கட்டணம் வாங்கிய தனியார் ஆஸ்பத்திரியிடம் இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம். கெடு 2 ஆண்டுகள். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரிமீது அங்கே போக முடியாது, சிவில் நீதிமன்றத்தை நாடலாம். எங்கே போனாலும் தாள் வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை ஆஸ்பத்திரி 3 ஆண்டுகள்தான் வைத்திருக்கக் கடமைப்பட்டது. குழந்தை நடக்கவில்லையே என்று அதற்குப் பிறகு தேடிப் போனால், "அழிச்சாச்சு" என்ற பதில்கூடச் சட்டப்படி சரியாகிவிடும்.