உயிர் காக்கும் வரிசை

பின்னலாடைத் தொழில் செழித்த திருப்பூரின் ராயபுரத்தில் சாலை விபத்து நேர்ந்தால், காயமுற்றவரை முதலில் காண்பவர் பெரும்பாலும் பணியிலிருக்கும் பொது மருத்துவரே. அவர் எதை முதலில் செய்கிறார் என்பதைப் பொறுத்தே உயிர் நிலைக்கும்.

1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், எலும்பு அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிய சிறு விமானம் விழுந்தது. மனைவி இறந்தார், அவரும் மக்கள் நால்வரும் காயமுற்றனர். சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையின் குறைபாட்டைக் கண்ட அவர், மருத்துவர்க்குத் தனிப் பயிற்சி வேண்டுமென வலியுறுத்தினார். 1978இல் தொடங்கிய அப்பயிற்சியை 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி ஏற்றது. பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவியது.

அப்பயிற்சியின் சாரம் ஒரு வரிசையாகும். உயிரைப் பறிக்கும் புறக் குருதிப்பெருக்கு இருந்தால் அதை உடனே அடக்கி, கழுத்தை அசையாது காத்து மூச்சுவழியைத் திறத்தல் முதலாவது. மூச்சோட்டத்தைச் சீராக்கல், குருதிப்போக்கை நிறுத்தல், நினைவுநிலையைச் சோதித்தல் ஆகியன அடுத்தடுத்து வரும். இறுதியில் உடல் முழுவதையும் ஆராய்ந்து, குளிராமல் போர்த்த வேண்டும். முறிந்த கால் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றினும், அடைபட்ட மூச்சுவழியே விரைந்து உயிரைப் பறிக்கும். பதற்றத்திலும் இவ்வரிசை பிறழாதிருக்க, மருத்துவர் மாதிரி உடல்களில் மீண்டும் மீண்டும் பயில்கின்றனர்.

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி, காயமுற்றவரை மருத்துவமனையில் சேர்க்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இவ்விரண்டின் பயனும் முழுமையடைவது, பயிற்சி பெற்ற மருத்துவரின் கைகளிலேயே.