எல்லை தாண்டினால் பங்கு

அரக்கோணத்தில் ரேணிகுண்டா வண்டி ஏறினால், திருத்தணி தாண்டியதும் நகரி, ஆந்திரா. இரு பக்கமும் கொள்வினை கொடுப்பினை உண்டு. ஆனால் 1985 முதல் 1989 வரை இந்தச் சிறு தூரம் பெண்களின் சொத்துரிமையையே இரண்டாக்கியது.

இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளும் பிறப்பால் பங்காளி என்ற என்.டி.ராமராவ் அரசின் சட்டத் திருத்தம் 5.9.1985 முதல் ஆந்திராவில் அமலானது. கருணாநிதி அரசு அதே உரிமையை 25.3.1989 முதல் தமிழ்நாட்டில் தந்தது. அந்தந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவளுக்கு மட்டும் கிடையாது. ஆக, 1987இல் தாலி கட்டிக்கொண்ட நகரிப் பெண்ணுக்குப் பங்கு உண்டு, அரக்கோணத்துப் பெண்ணுக்கு இல்லை! 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்ததை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்த ஊரில் 1987இல் மணமான பெண் இதில் இழந்ததை யாரும் பேசிக் கேட்டதில்லை.

9.9.2005இல் மத்திய அரசின் திருத்தம் கல்யாண நிபந்தனையை நீக்கியது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 11.8.2020 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 20.12.2004க்கு முன் பதிவுப் பத்திரத்திலோ நீதிமன்றத் தீர்ப்பிலோ முடிந்த பாகப்பிரிவினைகளைச் சட்டம் தொடவில்லை.

கிராமத்தில் சிக்கலே இங்குதான். பெரியவர்கள் முன்னால் கூர்சீட்டு எழுதி, வரப்பு போட்டு, அண்ணன் தம்பிகள் தனித்தனியாகப் பயிர் வைத்திருப்பார்கள். பட்டா மட்டும் தாத்தா பேரிலேயே கிடக்கும். 'எப்பவோ பிரிச்சாச்சு' என்ற வாய்ப்பேச்சு போதாது. பொது ஆவணங்கள் துணை நிற்கும் அபூர்வ வழக்குகளில் மட்டுமே வாய்மொழிப் பாகத்தை ஏற்கலாம் என்கிறது 2020 தீர்ப்பு.

தகப்பனாரின் சுயசம்பாத்தியம் என்றால் கல்யாணக் கேள்வியே எழாது. அவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. இது 1956 முதலே சட்டம்.

'உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே' என்பார்கள். சீரைப் பங்கில் கழிக்க இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. அக்காவோ தங்கையோ மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவள் விருப்பம். ஆனால் கருமாதி முடிந்த கையோடு, பங்கு எவ்வளவென்றே சொல்லாமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது அநியாயம். பதிவாகிவிட்டால், ஏமாற்றினார்கள் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கும் பாரமும் அவள் தலையில்தான் விழும்.

கையெழுத்துக்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வாரிசுச் சான்றுக்கு மனு கொடுக்கும்போது, கட்டிக்கொடுத்த மகள்கள் பெயரும் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.