உப்புவெளிக் கரை நண்டு

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் சில கிலோமீற்றர் வடக்கே போனால் உப்புவெளி. கச்சான் வீசும் மாதங்களில் அங்கே அலை அடங்கிக் கிடக்கும். விடியற்காலை அந்தக் கரையில் நடந்தால் இரவு முழுவதும் வேலை நடந்திருப்பது தெரியும். விரல் மட்டும் நுழையக்கூடியது முதல் கையே நுழையக்கூடியது வரை வட்ட வட்டமாக வளைகள். வாசல்தோறும் புதிதாக வாரி எறிந்த ஈரமணல். இது ஒசிப்போடே என்ற பேரினத்தைச் சேர்ந்த கரை நண்டின் வேலை. உடம்பு மணல் நிறம். அசையாமல் நின்றால் நண்டு நிற்பதே கண்ணில் படாது.

உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு இந்த நண்டை நான் குறிப்பாகச் சிபாரிசு செய்வேன். காம்பின் மேல் நிற்கும் அதன் கண்கள் சுற்றிவரப் பார்க்கும். தூரத்தில் ஏதாவது அசைந்தாலே வளைக்குள் பாய்ந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறவருக்கு அகப்படுவது வெறும் ஓட்டைதான். அசையாமல் நின்றால் சில நிமிடங்களில் முதலில் கண்கள் எட்டிப் பார்க்கும். பிறகு ஒரு பக்கத்துக் கால்கள் வரும். அதன்பின் மணலை அணைத்தபடி முழு நண்டும் வெளியே வந்து, சுமையை எறிந்துவிட்டு உடனே உள்ளே போகும். வேலையில் இருந்த காலத்தில் இதற்கெல்லாம் எனக்கு நேரமிருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

நான் மிகவும் வியப்பது அதன் மூச்சைத்தான். நிலத்தில் ஓடித் திரிகிற இந்தப் பிராணி மீனைப்போலச் செவுளால் சுவாசிக்கிறது. செவுள் காற்றிலிருந்து ஒட்சிசனை எடுக்க வேண்டுமென்றால் அது எப்போதும் நனைந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் நண்டு அடிக்கடி அலை விளிம்புக்கு ஓடி நனைந்துவிட்டு வருகிறது. கடல் வரை போகாமலும் அதனால் நனைய முடியும். கால்கள் உடம்போடு சேரும் இடத்தில் மெல்லிய மயிர்க்கற்றைகள் இருக்கின்றன; ஈரமணலில் அமர்ந்தால் அவை நீரை உறிஞ்சிச் செவுளறைக்கு ஏற்றிவிடும். வளையை ஆழமாகத் தோண்டுவதன் காரணமும் இதுவே. மேல்மணல் நண்பகலில் காலைச் சுடும்போது அடியில் ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும். சில வளைகள் 1 மீற்றருக்கும் கீழே இறங்கும். வெயில் ஏறியதும் பல நண்டுகள் வாசலை மணலால் அடைத்துக்கொள்கின்றன. வளை மூச்சுக்கு மட்டுமல்ல: செங்கடல் கரையில் வாழும் இதன் உறவினம் ஒன்றின் ஆண் நண்டுகள் தோண்டிய மணலைக் கூம்பாகக் குவித்து வைத்துப் பெண் நண்டுகளை அழைக்கின்றன.

ஓட்டத்தில் இதை வெல்வது கடினம். வினாடிக்கு 2 மீற்றருக்கும் கூடிய வேகம் அளக்கப்பட்டிருக்கிறது. வேகம் கூடக்கூடப் பின்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு குறைந்த கால்களாலேயே ஓடும். ஓட்டத்தின் நடுவே உடம்பைத் திருப்பி மறுபக்கக் கால்களை முன்னே விடுவதும் உண்டு. சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் பெண்கள் கரையில் நண்டைத் துரத்தி விளையாடுகிறார்கள். இன்றும் பிள்ளைகள் துரத்துகிறார்கள், நண்டுதான் வெல்கிறது.

நண்டு கொழுத்தால் வளையில் இராது என்பார்கள். இந்த நண்டோ, ஓடு போதாமல் வளரும்போது வளைக்குள் ஒதுங்கித்தான் பழைய ஓட்டைக் கழற்றுகிறது. புதிய ஓடு இறுகும்வரை அதற்குப் பாதுகாப்பு அங்கேதான். குரலும் அதற்கு உண்டு: பெரிய கொடுக்கிலுள்ள வரிகளைத் தன் கொடுக்குக்காலின் அடிப்பகுதியில் உரசி ஒலியெழுப்பும். அத்திலாந்திக் கரையில் வாழும் இதன் உறவினம் வயிற்றிலுள்ள பற்களை அரைத்தும் உறுமுகிறது என்று 2019இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

கரைவலை இழுத்தபின் மணலில் மிஞ்சும் சிறுமீனும், அலை ஒதுக்கிய செத்த உயிர்களும் இரவில் இதற்கு இரை. ஆமைக்குஞ்சுகளையும் பிடிக்கும். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கரை அழுகாமல் இருப்பதில் இந்த நண்டுக்கும் பங்கு இருக்கிறது. பெண் நண்டு முட்டைகளை வயிற்றின் கீழ் சுமந்து, பொரிக்கும் வேளையில் அலையில் இறங்கி அவற்றை விடுகிறது. நம் காலடியில் வளை தோண்டும் குட்டி நண்டு திறந்த கடலில் நுண்ணிய குடம்பியாக மிதந்து திரிந்துவிட்டுக் கரையேறியது.

ஒரு கடற்கரை எவ்வளவு மிதிபடுகிறது என்று அறிய, பல நாடுகளில் ஆய்வாளர்கள் இந்த வளைகளைத்தான் எண்ணுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் மணல்மேல் வாகனங்களை ஓட்டிப் பார்த்தபோது, ஆழமற்ற வளைகளில் இருந்த நண்டுகள் நசுங்கின. 30 சென்ரிமீற்றருக்குக் கீழே இருந்தவை தப்பின. இரவிலோ நண்டுகள் மேலே வந்து இரை தேடும். அப்போது ஆழமான வளை இருந்தும் பயனில்லை. ஆகவே உப்புவெளிக்கு வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் வளையைத் தோண்டினால் தடுத்து, கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பார்க்கப் பழக்குங்கள். மோட்டார் சைக்கிளோ ஜீப்போ, எதையும் மணலில் இறக்காதீர்கள். வீதியோரத்தில் விட்டுவிட்டு நடந்து போங்கள். இருட்டிய பின் கட்டாயம் அப்படித்தான் செய்ய வேண்டும்.